படிப்பு வராதவனுக்கான வேலையா வெல்டிங்?



கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளி, புல்மோட்டை, திருகோணமலை நகரம் என்று நம் மாவட்டத்தில் இருந்து இதை வாசிக்கும் உறவுகளுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம்தான். ஆண் பிள்ளை வளர்ப்பவர்களும், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களும், கேட்டுக்கும் கிரிலுக்கும் ஓடர் கொடுப்பவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

ஓ.எல் பெறுபேறு வந்த கையோடு பாடசாலைக்கு வரும் வாப்பாமார் எங்களிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது: “சேர், இவனுக்குப் படிப்பு ஏறுதில்ல. ஒரு வெல்டிங் கடையில சேத்து உட்டா கையில ஒரு தொழிலாவது இருக்கும்.” சிலர் பெறுபேறு வரும் வரைக்கும் காத்திருப்பதில்லை. பத்தாம் ஆண்டுப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை பட்டறையில் இருப்பான்.

பிள்ளையைத் தொழில் பழக விடுவது நல்ல காரியம். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படிப்பு வராதவன் செய்யும் வேலை வெல்டிங் என்று நினைக்கிறோமே, அதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம். வெல்டிங் படித்துச் செய்ய வேண்டிய வேலை. படிக்காமல் செய்தால் கண் கெடும், நெஞ்சு கெடும், சில நேரம் உயிரே போகும். அதெல்லாம் தப்பினாலும், காலம் முழுக்கக் குறைந்த கூலிக்காரனாகவே இருக்க வேண்டி வரும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம்.

சூட்டால் உலோகத்தை இணைக்கும் வேலை மூன்று வகை. முதலாவது ஈயப்பற்று. பாடப் புத்தகத்தில் பற்றாசு என்று இருக்கும். போன் திருத்தும் கடையில் பிள்ளைகள் சூட்டுக்கோலை வைத்துச் செய்வது இதுதான். வெள்ளீயம் 63 பங்கு, ஈயம் 37 பங்கு கலந்த கம்பி 183 பாகை செல்சியஸில் உருகிவிடும். இணைக்கப்படும் செம்புக் கம்பி உருகாது. உருகிய ஈயம் இரண்டுக்கும் நடுவில் ஓடிப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, பிரிட்ஜ், ஏ.சி குழாய்களை காஸ் நெருப்பில் ஒட்டும் வேலை. இங்கே 450 பாகைக்கு மேலே உருகும் கம்பியைப் பாவிக்கிறார்கள். குழாய் உருகாது, கம்பி மட்டும் உருகும். பத்தர் ஊதுகுழலை வைத்து மோதிரத்துக்குப் பற்று வைப்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். மூன்றாவதுதான் வெல்டிங். இங்கே இரண்டு இரும்பும் விளிம்பில் உருகி, ஒன்றாகக் கலந்து, ஒரே இரும்பாக இறுகுகிறது. இரும்பு உருகுவதற்குக் கிட்டத்தட்ட 1500 பாகை வேண்டும். ரொட்டின் நுனியில் எரியும் மின்வில்லின் சூடு 5000 பாகையையும் தாண்டும்.

மூன்றுக்கும் பொதுவான எதிரி காற்று. சூடேறிய உலோகத்தில் காற்றுப் பட்டால் மேலே ஒரு படை பிடிக்கும். அந்தப் படையின் மேல் எதுவும் ஒட்டாது. அதை அகற்றத்தான் போன் கடையில் ரோசின், பத்தரிடம் வெங்காரம், வெல்டிங் ரொட்டின் மேலே பூச்சு. ரொட்டின் பூச்சு எரிந்து புகையாகிக் காற்றைத் தள்ளி வைக்கிறது. மிச்சம் கசடாகி ஒட்டின் மேல் போர்வை போல மூடுகிறது. சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறோமே, அதுதான். இவ்வளவும் ஒன்பதாம், பத்தாம் ஆண்டு விஞ்ஞானம். விஞ்ஞான பாடத்தைப் பாதியில் விட்டுப் போன பிள்ளையிடம் இந்த வேலையைத்தான் கொடுக்கிறோம்.

ஒரு ரொட் பக்கற்றை எடுத்துப் பாருங்கள். 6013 என்றோ 7018 என்றோ இலக்கம் இருக்கும். 60 என்பது ஒட்டு தாங்கும் இழுவிசை, ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். மூன்றாவது இலக்கம் 1 என்றால் தரையில், சுவரில், தலைக்கு மேலே என்று எந்த நிலையிலும் ஒட்டலாம். கடைசி இலக்கம் எந்தப் பூச்சு, எந்த வகைக் கரண்ட் என்பதைக் காட்டும். கேட்டுக்கும் கிரிலுக்கும் 6013 போதும். பாரம் தாங்கும் வேலைக்கு 7018 வேண்டும். ஆனால் 7018இல் ஈரம் ஏறக்கூடாது. ஈரத்தில் இருக்கும் ஐதரசன் ஒட்டுக்குள் புகுந்தால், பார்க்க அழகாக இருக்கும் ஒட்டு உள்ளே வெடித்திருக்கும். நம் ஊரில் ஐப்பசியில் தொடங்கும் வாடைக்கால மழைக்கு, பக்கற்றை உடைத்து மேசையில் போட்டு வைத்தால் ஈரம் ஏறாமல் என்ன செய்யும்? அதனால்தான் பெரிய வேலைத்தளங்களில் ரொட்டைச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள். நம் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?

ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் துறைமுகத்துக்காரர்களான நமக்குக் கப்பல் கதை சொன்னால் விளங்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது எஸ்.எஸ். சகாயிங் என்ற கப்பல் இங்கே தீப்பிடித்தது. பிறகு துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தப்பட்டுக் கிடந்த அதை, 2018இல் நம் கடற்படைச் சுழியோடிகள் மேலே கொண்டு வந்தார்கள். பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். அது 1924இல் கட்டப்பட்டது. அந்தக் காலக் கப்பல்களின் தகடுகளைப் பொதுவாக ரிவிட் அடித்தே இணைத்தார்கள். உலக யுத்தத்தின்போது அவசரமாகக் கப்பல் வேண்டும் என்று அமெரிக்கா வெல்டிங்குக்கு மாறியது. 1943 ஜனவரி 16ஆம் திகதி இரவு, போர்ட்லண்ட் நகரில் புதிதாகக் கட்டி முடித்து அலையில்லாத தண்ணீரில் கட்டி வைத்திருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் பெரிய சத்தத்தோடு கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கக் கூடிய இரும்பு, குறையுள்ள ஒட்டு என்று காரணம் பல. ரிவிட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் ஏற்பட்ட வெடிப்பு அந்தத் தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். ஒட்டிய கப்பல் முழுவதும் ஒரே தகடு போல. ஓரிடத்தில் தொடங்கிய வெடிப்பு கப்பலைச் சுற்றி ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் எந்த இரும்பு, எந்த ரொட், எந்த வரிசையில் ஒட்டுவது என்பதையெல்லாம் உலகம் உட்கார்ந்து படித்தது.

நாம் கப்பல் கட்டவில்லை. ஆனால் மணலும் நெல்லும் ஏற்றும் ட்ரெக்டர் பெட்டியின் கொளுக்கியை ஒட்டுகிறோம். தண்ணீர்த் தாங்கி வைக்கும் இரும்புக் கோபுரத்தை ஒட்டுகிறோம். பள்ளிக்கூடத்து ஊஞ்சலை, மொட்டை மாடிக் கைப்பிடியை ஒட்டுகிறோம். அந்த ஒட்டு விட்டால் கீழே நிற்பது நம் பிள்ளைகள்தான்.

இனி உடம்புக்கு வருவோம். இதைத்தான் வாப்பாமாரும் உம்மாமாரும் முக்கியமாக வாசிக்க வேண்டும்.

கண். மின்வில்லில் இருந்து வரும் புறஊதாக் கதிர் கண்ணின் மேல் தோலைச் சுட்டுவிடும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு மணித்தியாலம் கழித்து, நடு இரவில், கண்ணுக்குள் மண்ணை அள்ளிப் போட்டது போல இருக்கும். உருளைக்கிழங்கு வெட்டி வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் மருந்தல்ல. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆறிவிடுவதால்தான் நாம் பொருட்படுத்துவதில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் சுட்டால், பாதிப்பு நாளாவட்டத்தில் கண்ணுக்குள்ளேயும் சேரும். வலியைக் கொல்லும் சொட்டு மருந்தை யாரிடமோ வாங்கி அடிக்கடி விடுவது இன்னும் ஆபத்து, புண் ஆறுவதை அது தடுக்கும். வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. பல இடங்களில் மாஸ்க் ஒன்றுதான் இருக்கும். அதைப் பெரிய பாஸ் போட்டிருப்பார். இரும்பை அசையாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருக்கும் சின்னப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பான். ரொட் வெல்டிங்குக்கு 10ஆம், 11ஆம் இலக்கக் கண்ணாடி வேண்டும். வெயிலுக்குப் போடும் கண்ணாடி அதற்குப் பக்கத்திலும் வராது. அதோடு கதிர் பக்கவாட்டாலும் வரும், சுவரில் பட்டும் திரும்பும். கடையில் குறைந்த சம்பளம் வாங்குகிறவன்தான் கூடுதலாகச் சுடுபடுகிறான்.

புகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2017இல் வெல்டிங் புகையையும், வெல்டிங்கில் இருந்து வரும் புறஊதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதலாம் வகுப்பில் சேர்த்தது. சிகரெட் புகையும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. மகன் சிகரெட் பிடித்தால் அடிக்கப் போகிறோம். கதவைச் சாத்திய கடைக்குள் நாள் முழுக்க அந்தப் புகையை இழுத்துவிட்டு வந்தால் “உழைச்சிட்டு வாறான்” என்கிறோம்.

கல்வனைஸ் குழாய் இன்னும் மோசம். அதன் மேலே இருப்பது நாகம். அது 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தவனுக்குப் பின்னேரம் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும். பனடோல் போட்டுப் படுத்தால் மறுநாள் சுகம். நாம் வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வோம். பால் குடித்தால் சரி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நெஞ்சுக்கு. ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சை முதலில் உராய்ந்து எடுப்பது, வெளியில் வைத்து ஒட்டுவது, காற்று முதுகுப் பக்கமிருந்து பக்கவாட்டாகப் போகும்படி உட்காருவது, நல்ல சுவாசக் கவசம் போடுவது என்று செய்ய வேண்டியவை வேறு.

பரல். இதைப் பெரிய எழுத்தில் எழுதலாம் என்றிருந்தோம். டீசல், பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் இருந்த பரலையும், ட்ரெக்டரின் டாங்கியையும், போட் இஞ்சின் டாங்கியையும் “வெறுமையாத்தானே கிடக்கு” என்று ஒட்டவோ வெட்டவோ கூடாது. திரவம் இல்லாத பரலுக்குள் ஆவி இருக்கும். நிறைந்த பரலை விட அதுதான் வெடிக்கும். டீசல் பற்றாது என்று நினைப்பவர்கள், சுவரில் ஒட்டியிருக்கும் படிவு வெல்டிங் சூட்டில் ஆவியாகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மூடியைத் திறந்து விட்டோம், சவர்க்காரம் போட்டுக் கழுவினோம் என்பதெல்லாம் உத்தரவாதம் அல்ல. முறையாகச் சுத்தம் செய்து, ஆவி இல்லை என்று அளந்து பார்க்கும் வசதி உள்ள இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. நம் ரோட்டோரக் கடைகளில் அந்த வசதி இல்லை. யார் எவ்வளவு தருகிறேன் என்றாலும் திருப்பி அனுப்புங்கள்.

போன் கடைப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். சூட்டுக்கோலின் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. மூக்கில் ஏறும் புகை ரோசினுடையது, நாளாக அது ஆஸ்துமாவைக் கொண்டு வரும். சின்ன விசிறி ஒன்றை வைத்துப் புகையை முகத்தில் இருந்து இழுத்து எடுத்தாலே பாதிப்பு குறையும். ஈயம் உள்ளே போவது கையால். கம்பியைப் பல்லில் கடித்துப் பிடிப்பதை விடுங்கள். சாப்பிட முன்னும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்க முன்னும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் இருந்து மின்னணுப் பொருட்களில் ஈயத்தைப் பெரும்பாலும் தடை செய்துவிட்டது. நாம் இன்னும் ஈயக் கம்பியைத்தான் பாவிக்கிறோம்.

இனி கூலிக்கு வருவோம்.

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றி நாம் எவ்வளவோ அரசியல் பேசுகிறோம். பிரித்தானியர் கட்டிய 99 குதங்கள். 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கும் என்று பிரிக்கப்பட்டன. யாருக்குப் போனது என்று சண்டை பிடிக்கும் நாம் ஒன்றைக் கேட்பதில்லை. இவ்வளவு பழைய இரும்பைத் திருத்தி எடுக்கும் வேலையில் ரொட் பிடிக்கப் போவது யார்? எண்ணெய்த் தாங்கியில் ஒட்டுப் போட, பரீட்சையில் தேறிய வெல்டர் வேண்டும். நம் பிள்ளையிடம் பத்து வருட அனுபவம் இருக்கலாம், கையில் காகிதம் இல்லாவிட்டால் அவன் அங்கே இரும்பு தூக்கத்தான் போவான்.

வெளிநாட்டிலும் இதே கதை. சவூதியிலும் கட்டாரிலும் குழாய் வேலைக்கு 6ஜி தேறியவரா என்று கேட்பார்கள். தரையில் கிடக்கும் தகட்டை ஒட்டுவது 1ஜி, நிமிர்ந்து நிற்கும் ஒட்டு 3ஜி, தலைக்கு மேலே 4ஜி. 6ஜி என்றால் குழாயை 45 பாகை சரிவில் அசையாமல் கட்டி வைத்துவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றிச் சுற்றி ஒட்ட வேண்டும். பிறகு அந்த ஒட்டை வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் தேறியவன் வெல்டராகப் போகிறான். தேறாதவன் ஹெல்பர் விசாவில் போகிறான். விமானம் ஒன்று, கேம்ப் ஒன்று, சம்பளம் வேறு.

இதற்கு வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ என்கிறோமே, அதில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். ஓ.எல்லில் கணிதம் தவறிய பிள்ளைக்கும் கதவு மூடவில்லை என்று இதற்கு அர்த்தம். ஏற்கனவே பட்டறையில் பழகியவர்கள் புதிதாகப் பாடநெறிக்குப் போகாமலே, முன் அனுபவத்தைக் காட்டி, கைவேலையைச் செய்து காட்டி மதிப்பீட்டில் தேறிச் சான்றிதழ் எடுக்கலாம். நைட்டா என்ற பயிலுனர் பயிற்சி அதிகார சபை மூலமாக, கடையில் வேலை செய்துகொண்டே பயிலுனராகப் பதிந்துகொள்ளவும் முடியும். திருகோணமலைத் தொழினுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் போய் விசாரியுங்கள். 2013இல் இருந்து ஏ.எல்லில் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது.

பட்டறைக்காரர்கள் எங்களோடு கோபிக்க வேண்டாம். உங்களில் பலர் எந்தப் பாடநெறியும் இல்லாமல், கண்ணாலே பார்த்துப் பழகி, யுத்த காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் ஊரைத் திரும்பக் கட்டித் தந்தவர்கள். யாரும் எடுக்காத பிள்ளையை எடுத்து, சோறு போட்டு, தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள். “நாங்க மாஸ்க் போட்டா பழகின?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். உங்களோடு பழகியவர்களில் இப்போது கண்ணாடி இல்லாமல் குர்ஆன் ஓத முடியாதவர் எத்தனை பேர், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எல்லாம் வெல்டிங்கால் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. மகனுக்கும் அதே கணக்கு வேண்டுமா என்றுதான் கேட்கிறோம். மாஸ்க் ஒன்றின் விலை, ஒரு கேட்டில் மிஞ்சும் இலாபத்துக்குள் அடங்கும்.

மார்க்கத்தில் இந்தத் தொழிலுக்கு இருக்கும் இடத்தையும் நாம் மறந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதும் கஹ்ஃப் சூராவில், துல்கர்னைன் இரும்புப் பாளங்களை அடுக்கி, நெருப்பூதி, உருகிய செம்பை ஊற்றி மக்களுக்குப் பாதுகாப்பான தடுப்புக் கட்டிய வரலாறு வருகிறது. தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதும், கவச வளையங்களை அளவாகக் கோர்க்கும்படி சொல்லப்பட்டதும் ஸபஃ சூராவில் வருகிறது. நபி ஒருவர் செய்த தொழிலை, படிப்பு வராதவனின் தொழில் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? அளவாகச் செய் என்பது அந்தத் தொழிலோடு சேர்ந்தே வந்த கட்டளை. அளவு தெரிய வேண்டுமானால் கற்க வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

பெற்றோர்களே, 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலையில் வையுங்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 16ஆக உயர்த்தப்பட்டது, ஆபத்தான வேலைக்கு 18. பட்டறையில் சேர்க்கும் நாளில் சம்பளத்தைக் கேட்க முன், “இவனுக்கு மாஸ்க் இருக்கா? என்.வி.கியூவுக்குப் பதிவீங்களா?” என்று கேளுங்கள்.

பட்டறை உரிமையாளர்களே, ஒட்டுகிறவருக்கு ஒன்று, பிடிக்கிறவனுக்கு ஒன்று என்று மாஸ்க் வாங்குங்கள். ரோட்டுப் பக்கம் ஒரு திரை போடுங்கள். பாடசாலை விட்டு வரும் சின்னப் பிள்ளைகள் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள்.

வாடிக்கையாளர்களே, பாரம் தாங்கும் வேலைக்கு எந்த ரொட் என்று கேளுங்கள். ஆகக் குறைந்த விலை சொன்னவரிடம் எதைக் குறைத்தார் என்றும் கேளுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் தாருங்கள். நைட்டா அதிகாரி ஒருவரை அழைத்து, ஊரில் உள்ள வெல்டிங் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பதியச் செய்யலாம். ஸதகாப் பணத்தில் இருபது மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் அதுவும் நிலைத்திருக்கும் நன்மைதான். பாடசாலையில் படிவம் நிரப்பும் வேலையை நாங்கள் பொறுப்பெடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஊரில் நல்ல முறையில் பிள்ளைகளைப் பழக்கும் பட்டறை இருந்தால் கீழே எழுதுங்கள். அடுத்த முறை ஒரு வாப்பா எங்களிடம் வந்து கேட்டால், அங்கே அனுப்பி வைப்போம்.